கிறிஸ்தவக் கதைகளில் எதை மாற்ற வேண்டும்? ரங்கூன் வாசகர் கூட்டத்தின் கேள்வி பதில்கள்

ரங்கூனில் எங்கள் தமிழ்ச் சபையில் மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து கதைப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். புத்தகங்கள் பெரும்பாலும் சென்னைக்குப் போய்வருகிறவர்களின் பெட்டியில் வந்தவை. ஒரு பிரதியை எட்டுப் பேர் சுற்றி வாசிப்போம். அந்த அலமாரிச் சாவி பல வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கதை எழுதுகிறவர்கள் கண்ணில் பட்டால் சந்தோஷம்.

கிறிஸ்தவக் கதை என்று எதைச் சொல்கிறீர்கள்?

கிறிஸ்தவர் எழுதியதெல்லாம் கிறிஸ்தவக் கதை ஆகிவிடாது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். ஆனாலும் அதை யாரும் இந்த வகையில் சேர்ப்பதில்லை. விசுவாச வாழ்க்கையை நடுவில் வைத்து, சபை மக்களை மனதில் கொண்டு எழுதப்படும் நாவலையும் சிறுகதையையும்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இது பெரிய சந்தை. கனடாக்காரரான ஜேனட் ஓக்கின் காதல் நாவல் ஒன்று 1979-இல் அங்கே வெளிவந்து நன்றாக விற்ற பிறகு, கிறிஸ்தவப் பதிப்பகங்கள் நாவல் பக்கம் தைரியமாகத் திரும்பின. கிறிஸ்தவ நாவல்களுக்கென்றே கிறிஸ்டி விருது என்று ஒன்றும் 2000-லிருந்து கொடுக்கிறார்கள். தமிழில் அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை. மாதப் பத்திரிகைத் தொடர், சிறு பதிப்பகம், மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். ஆனால் வாசகர்களின் மனக்குறை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எல்லோரும் முதலில் சொல்லும் குறை எது?

கதைக்கு நடுவில் பிரசங்கம். இதில் வயது வித்தியாசமே இல்லை. எங்கள் கூட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அத்தை இருக்கிறார். காலை ஜெபத்தை ஒருநாள் தவறவிட மாட்டார். அவர் வாசித்துத் திருப்பித் தரும் புத்தகங்களில் சில பக்கங்கள் மட்டும் உள்பக்கமாக மடிந்திருக்கும். ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் போதகர் பேசுற பக்கம்மா. அடுத்தவங்க நேரா கதைக்குப் போகட்டும்னு மடிச்சு வச்சேன்" என்றார். அத்தைக்குப் பிரசங்கம் பிடிக்காமல் இல்லை. அதை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்கிறார். கதையிடம் அவர் கேட்பது வேறு.

நாத்தான் தாவீதிடம் போனதை நினைத்துப் பாருங்கள். ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவள் புருஷனையும் சாகடித்துவிட்டான். தீர்க்கதரிசி போய் நியாயப்பிரமாணத்தை எடுத்துப் படிக்கவில்லை. ஏழை ஒருவன், அவனுடைய ஒரே ஆட்டுக்குட்டி, அது அவன் மடியில் படுத்துக்கொள்ளும், அவன் பாத்திரத்தில் குடிக்கும் என்று கதை சொல்கிறான். தாவீதுக்குக் கோபம் பொங்கி, தானே தீர்ப்பும் சொன்ன பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்கிறான். அந்த ஆட்டுக்குட்டி அவ்வளவு உயிரோடு இருந்ததால்தான் கடைசி வார்த்தை தைக்கிறது. நம் எழுத்தாளர்களில் பலர் ஆட்டுக்குட்டிக்கு ஒரு வரியும் தீர்ப்புக்குப் பத்துப் பக்கமும் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆண்டவரைப் பற்றிப் பேசாவிட்டால் அது எப்படிக் கிறிஸ்தவக் கதை ஆகும்?

எபிரெய வேதத்தின் எஸ்தர் புத்தகத்தில் தேவனுடைய பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. ஆனாலும் அது வேதாகமத்தில் இருக்கிறது. ராஜாவுக்குத் தூக்கம் வராத ஒரு ராத்திரி, யாரோ எடுத்து வாசித்த நாளாகமப் புத்தகம், சரியான நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கும் ஆமான், இவற்றை வரிசையாக வைத்தாலே வாசிக்கிறவருக்கு யாருடைய கை என்று தெரிந்துவிடுகிறது. பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெபிக்கிற வீட்டைப் பற்றி எழுதினால் ஜெபம் வரத்தான் செய்யும். அது அந்த ஆளுடைய ஜெபமாக இருக்கட்டும், அவருடைய பயமும் அவசரமும் அதில் இருக்கட்டும் என்கிறேன்.

முடிவில் எல்லாம் சரியாகிவிட வேண்டாமா? நம்பிக்கை தருவதுதானே கதையின் வேலை?

இந்தக் கேள்விக்கு என்னால் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது.

என் தங்கை நோயில் கிடந்தபோது சபையே முறைவைத்து உபவாசம் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கும் யாராவது ஒருவர் கட்டில் பக்கத்தில் முழங்காலில் இருப்பார்கள். அவள் போய்விட்டாள். நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஆறுதலாக இருக்கும் என்று ஒரு சிநேகிதி நாவல் ஒன்றைக் கொடுத்தாள். அதிலும் அதே நோய். மூன்றாம் நாள் ராத்திரி உருக்கமாக ஒரு ஜெபம், காலையில் டாக்டரே ஆச்சரியப்பட்டுப் பேசுகிறார். அந்தப் பக்கத்தோடு மூடியவள், ஒரு வருஷம் எந்தக் கிறிஸ்தவக் கதையையும் தொடவில்லை. அற்புதம் நடக்காது என்று நான் நினைக்கவில்லை. நடந்தவர்களை எனக்குத் தெரியும். நடக்காத வீட்டில் அடுத்த ஞாயிறு எப்படி வருகிறது என்று சொல்கிற ஒரு கதை அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் நான் அவ்வளவு தனியாக இருந்திருக்க மாட்டேன்.

சங்கீதம் 88-ஐ எடுத்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும். இது இருட்டிலேயே முடிகிறது. யோனாவின் புத்தகம் தேவன் கேட்கும் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது, யோனா என்ன பதில் சொன்னான் என்று இல்லை. கெட்ட குமாரன் கதையில் மூத்தவன் விருந்துக்குள் போனானா, வாசலிலேயே நின்றானா? இயேசு சொல்லாமல் விட்டுவிட்டார். யோபுவிடம் வந்து அழகழகாக விளக்கம் சொன்ன சிநேகிதர்களைத்தான் தேவன் கடைசியில் கடிந்துகொள்கிறார், அழுது வழக்காடின யோபுவை இல்லை. வேதாகமத்துக்கே இருக்கிற இந்தத் துணிச்சலை நம் நாவல்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற மதத்தார் பாத்திரங்களாக வரும்போது ஏன் வாசகர்களுக்கு வருத்தம்?

ஏனென்றால் எங்கள் வாழ்க்கை அப்படி இல்லை. இந்த ஊரில் ஒரே மாடிப்படியில் பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் ஏறி இறங்குகிறோம். விடியற்காலையில் பிட்சுக்கள் பாத்திரத்தோடு வருவார்கள், எதிர்வீட்டுப் பர்மியப் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சோறு போடுவார். அதே பெரியம்மாதான் என் தங்கையின் கடைசி மாதத்தில் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவர். ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் தமிழ் வருஷப் பிறப்பும் சேர்ந்தே வரும், சில வருஷம் ஈஸ்டரும் அதை ஒட்டி வந்துவிடும். அந்த வாரத்தில் எந்த வீட்டுப் பலகாரம் எந்த வீட்டுக்குப் போகிறது என்று கணக்கே கிடையாது.

கதைகளில் வரும் அயலார் இரண்டே வகை. ஒன்று, இருட்டில் இருக்கும் கெட்டவர். இல்லாவிட்டால் பத்தாம் அத்தியாயத்தில் மனந்திரும்பப்போகிறவர். அவருக்கென்று ஒரு வீடு, ஒரு நகைச்சுவை, ஒரு பிடிவாதம் எதுவும் இருக்காது. என் அயலான் யார் என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன கதையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள், காயத்தைக் கட்டுகிறவன் சமாரியன். அவன் பிறகு தன் மதத்தை விட்டானா என்று கதை விசாரிக்கவில்லை. நாம் அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, எழுத உட்காரும்போது மறந்துவிடுகிறோம். எனக்கு இதுதான் எல்லாக் குறையிலும் பெரிய குறை.

மொழியைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

சமையலறையில் பேசுகிறவர்கள் சங்கீதம் மாதிரிப் பேசுகிறார்கள் என்று! இன்றும் பல புராட்டஸ்டன்ட் சபைகளில் வாசிக்கிற தமிழ் வேதாகமம் பவர் ஐயர் குழுவின் 1871-ஆம் வருஷத் திருப்புதல். அந்த நடையில் எங்களுக்கு உயிர். பல வசனம் தூக்கத்திலும் வரும். ஆனால் "மீன் தீர்ந்துபோயிற்று" என்று எந்த அம்மாவும் சொல்ல மாட்டாள். கத்தோலிக்கர் வீட்டில் திருப்பலி, மன்றாட்டு, நம் வீட்டில் ஆராதனை, விண்ணப்பம். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் கத்தோலிக்கப் பாட்டியை "ஸ்தோத்திரம்" சொல்லவைத்த கதையை வாசித்திருக்கிறேன்.

எங்கள் பேச்சில் பர்மியம் கலந்தே வரும். டீச்சரம்மா சயாமாதான், காலையில் சாப்பிடுவது மோகிங்கா, விருந்தாளிக்கு வைப்பது லப்பே. இதையெல்லாம் இயல்பாக விட்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டாம், இடத்தைப் பார்த்தே வாசகர் புரிந்துகொள்வார்.

பெண் பாத்திரங்கள்?

குடித்துவிட்டு அடிக்கிற புருஷன். பொறுமையாக ஜெபிக்கிற மனைவி. இருபது வருஷம் கழித்து அவன் திருந்துகிறான். இந்தக் கதையை எத்தனை பெயரில் வாசித்தேன் என்று எண்ணிப் பார்த்தால் கை விரல் போதாது. அப்படித் திருந்தியவர்கள் உண்டு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இதை வாசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நம் வீட்டிலும் நடக்கும் என்று அடி வாங்கிக்கொண்டே இருக்கிறவள் எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவள் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக எழுதுங்கள். அங்கேயும் அவள் ஜெபிக்கட்டும். கதவைத் திறக்கிற அக்காவும் விசுவாசியாகவே இருக்கட்டும்.

கன்னிப்பெண்கள் எல்லோரும் அழகாகவும் அடக்கமாகவும் பாடகர் குழுவிலும் இருப்பதும் போதும். பாடத் தெரியாத பெண்களும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், செய்துகொள்ளாமலும் இருக்கிறார்கள்.

போதகர்களை எப்படி எழுதுவது? குறை எழுதினால் சபைக்கு அவமானம் இல்லையா?

பேதுரு மூன்று முறை மறுதலித்ததை நான்கு சுவிசேஷமும் எழுதியிருக்கிறது. ஆதிச் சபை தன் பெரிய தலைவரைப் பற்றி மறைக்காமல் சொன்ன விஷயம் அது. நம் கதைகளில் போதகர் குறையே இல்லாதவர், இல்லாவிட்டால் சமீபத்திய கதைகளில் பணத்தாசை பிடித்தவர். நடுவில் இருக்கிற ஆளைத்தான் எங்களுக்குத் தெரியும். மாசக்கடைசியில் கடன் வாங்குகிறவர், மரண வீட்டுக்கு முதலில் வந்து நிற்கிறவர், சனிக்கிழமை ராத்திரி பிரசங்கம் அமையாமல் எரிந்து விழுகிறவர். போதகரின் மனைவியையும் யாராவது எழுத வேண்டும். எல்லோர் துக்கத்தையும் கேட்கிறவர் அவர். அவருடையதை யாரிடம் சொல்லுவார்?

சாதியைப் பற்றி எழுதலாமா?

எழுத வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று தடுப்பு வைத்திருந்தது சரித்திரம். கடல் தாண்டி நான்கு தலைமுறை ஆன பிறகும், இங்கே கல்யாணப் பேச்சு என்று வந்தால் "உங்க பூர்வீகம் எந்த ஊரு?" என்று மெதுவாக ஆரம்பிக்கிறார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் தெரியும். பாமாவின் கருக்கு 1992-இல் கத்தோலிக்கச் சபைக்குள் இருக்கும் சாதியை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. சபைப் பதிப்பகக் கதைகள் இன்னும் அந்தப் பக்கம் வரத் தயங்குகின்றன.

நல்ல உதாரணமாக ஒன்று சொல்லுங்கள்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு, 1964. குமரி மாவட்டத்துப் பனைவிளைகளுக்கு நடுவில் ஒரு பழைய கிறிஸ்தவக் குடும்பம், அதில் லிஸி என்ற பெண், பனையேறும் வீட்டுப் பையனோடு அவளுக்கு வரும் அன்பு. வேதமும் கோயிலும் அந்த வீட்டுக் காற்றில் இருக்கின்றன. யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. பேச்சு அந்த மண்ணின் பேச்சு. எங்கள் அலமாரியில் அட்டை கிழிந்து இரண்டு முறை ஒட்டப்பட்ட ஒரே புத்தகம் அதுதான்.

பர்மாத் தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

பர்மா என்றால் கிறிஸ்தவப் புத்தகங்களில் அமெரிக்க மிஷனரி ஜட்சன் மட்டும்தான் வருகிறார். 1813-இல் ரங்கூனில் வந்து இறங்கியவர், வேதாகமத்தைப் பர்மிய மொழிக்குக் கொண்டுவந்தவர். அவர் அன்றைய தலைநகரான ஆவாவில் சிறைப்பட்டிருந்தபோது கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்த கதை எனக்கும் பிடித்த கதை. ஆனால் நாங்களும் இங்கே இருந்தோம், இருக்கிறோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், நெல் ஆலையில் வேலை பார்த்தவர்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் முதல் குண்டு விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள். அதை மட்டும் யோசித்துப் பாருங்கள், வீட்டுக்கு வீடு மாவு இடித்துப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். அதற்கடுத்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களை ஜெபம் சொல்லிப் புதைக்கவும் நேரம் இருந்திருக்காது. அப்புறம் 1964: கடைகள் அரசுடைமையாகி, 50, 100 கியாட் நோட்டு செல்லாமல் போய், கப்பல் கப்பலாக மக்கள் மதராஸுக்குத் திரும்பினார்கள். மறுபடி பர்மாவுக்கே நடந்து வந்துவிடலாம் என்று புறப்பட்டு, வழியில் மணிப்பூர் மோரேயில் தங்கிவிட்டவர்களும் உண்டு. 1965-இல் தனியார் பள்ளிகளும் அரசு கைக்குப் போயின. அந்தத் தலைமுறையோடு தமிழ் எழுத்து எங்கள் வீடுகளில் மங்க ஆரம்பித்தது.

என் பாட்டியின் அண்ணன் கப்பலேறினார், பாட்டி இங்கேயே இருந்துவிட்டார். இருவரும் வருஷத்துக்கு ஒரு கடிதம். அதில் எப்போதும் ஒரு வசனம், ஒரு கல்யாணச் செய்தி, ஒரு சாவுச் செய்தி. அவர்கள் மறுபடி சந்திக்கவே இல்லை. இதை வைத்து ஒருவர் ஐந்நூறு பக்கம் எழுதலாம்.

பெரிய சம்பவம்தான் வேண்டும் என்று இல்லை. பிப்ரவரியில் ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போகிற ஒரு குடும்பத்தின் பயணம், 2008 நர்கிஸ் புயல் ராத்திரியில் கோயிலுக்குள் ஒண்டிய ஒரு தெரு, வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் பர்மியப் பெயர் என்று இரண்டோடு வளரும் ஒரு பிள்ளை. எல்லாமே இருக்கிறது.

பிள்ளைகள் தமிழ்க் கிறிஸ்தவக் கதை வாசிக்கிறார்களா?

பேசுவார்கள், பாடுவார்கள், வாசிக்கச் சிரமப்படுவார்கள். எங்கள் பாடகர் குழுவில் பாதிப் பிள்ளைகள் கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். அவர்களுக்குப் பெரிய எழுத்தும் சின்ன வாக்கியமும் வேண்டும். அதற்காக ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற கதையைக் கொடுத்துவிடக் கூடாது. பதினாறு வயதுக்காரனுக்குப் பதினாறு வயதின் சந்தேகங்கள் இருக்கும். யாராவது சத்தமாக வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால் இன்னும் நல்லது, போனில் கேட்பார்கள்.

காதல், கெட்ட வார்த்தை, இதெல்லாம் எவ்வளவு வரலாம்?

எங்கள் கூட்டத்தில் இதில் ஒற்றுமை கிடையாது. வீட்டில் பிள்ளைகளும் எடுத்து வாசிப்பார்கள் என்பதால் அளவாக இருப்பது எனக்குப் பிடிக்கும். தாவீது பத்சேபாள் விஷயத்தை வேதாகமம் சில வசனங்களில் சொல்லிவிடுகிறது, ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த அளவு சரி.

புத்தகத் தயாரிப்பில் ஏதாவது?

எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். காசு கொடுத்து ஒரு நல்ல பிழைதிருத்துபவரை வையுங்கள். முன்னுரை ஒன்று போதும், ஐந்து போதகர்கள் எழுத வேண்டாம். கடைசி இரண்டு அத்தியாயத்தை அவசரமாக முடிக்காதீர்கள், அச்சகத் தேதி வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

நான் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்கட்டும்?

உங்கள் வீட்டில் யாரும் சாட்சியாகச் சொல்லாத ஒரு சம்பவத்தில் தொடங்குங்கள். மேடையில் சொல்லும் சாட்சிகள் ஏற்கெனவே உருண்டு வழவழப்பாகிவிட்டவை. சொல்லத் தயங்கியதில்தான் உங்கள் பாட்டியும் மாமாவும் அவர்களாகவே இருப்பார்கள். யாருக்கும் புரியவைக்க முயலாமல் பத்துப் பக்கம் எழுதுங்கள். வசனம் தானாக வந்தால் இருக்கட்டும், தேடிப்போட வேண்டாம்.

எழுதியதைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் சரி, பர்மிய எழுத்தில் எழுதிய தமிழாக இருந்தாலும் சரி. கரண்ட் இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒருவர் சத்தமாக வாசிப்பார். அத்தை முன்வரிசையில் இருப்பார். எந்தப் பக்கத்தை மடிக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார்.